ஆல்டர் நிற்கும் ஓடைக்கரையும் ஆல்டர் நிற்கும் சதுப்பும் ஒரே காடா?

தென்மராட்சியில் பிறந்து இப்போது வட ஜேர்மனியில் வசிக்கும் அன்பர் ஒருவர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன்; ஒரே கேள்வியாக எழுதப்பட்டிருந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அவர் நாள்தோறும் நடக்கும் ஓடைக்கரையில், சவுக்கங்காயைப் போன்ற சிறு கூம்புக் காய்கள் தொங்கும் ஒரே வகை மரம் வரிசையாக நிற்கிறது. அதன் கீழே காஞ்சொறியைப் போலத் தொட்டால் எரிக்கும் செடி இடுப்பளவுக்கு மண்டிக் கிடக்கிறது. ஓடை போகும் திசையில் அரை மணி நேரம் நடந்தால் அதே மரம் கறுத்த, அசையாத நீருக்குள் நிற்கிறது. அங்கே எரிக்கும் செடி இல்லை, கோரை போன்ற புல்லே இருக்கிறது. இவை இரண்டும் ஒரே காடா, அந்தக் காடு தானாக வந்ததா அல்லது நட்டதா, அந்த மரத்தின் வித்தை ஊருக்குக் கொண்டுவந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழுக்கையாற்றங்கரையில் போட்டால் வளருமா என்பவையே அந்த மூன்றும். மூன்றாவதைக் கேட்பதற்காகத்தான் முதல் இரண்டையும் கேட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனாலும் முதல் இரண்டுக்கும் ஒழுங்காக விடை சொல்லாமல் மூன்றாவதற்குப் போக முடியாது.

நான் யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இளவயதில் இரண்டு கோடைகாலங்கள் வட ஜேர்மனியச் சமவெளியில் ஒரு தாவரக் கணக்கெடுப்புக் குழுவோடு வேலை செய்தேன். கயிற்றால் ஒரு கட்டத்தை அளந்து, அதற்குள் நிற்கும் ஒவ்வொரு செடியின் பெயரையும் எழுதி, அது நிலத்தில் எவ்வளவு பங்கை மூடியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட்டுப் பதிவதே வேலை. ஓடையோரத்தில் அந்தக் கட்டம் நீண்டும் ஒடுங்கியும் இருக்க வேண்டும். சதுரமாக எடுத்தால் பக்கத்துப் புல்வெளியும் கணக்குக்குள் வந்து, இல்லாத ஒரு காட்டைத் தாளில் உண்டாக்கிவிடும். இந்தப் பிழையை முதல் வாரம் முழுவதும் செய்து திட்டு வாங்கியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆகவே அந்தச் சமவெளியின் காடுகளைப் பற்றிப் பொதுவாகப் பேச எனக்குத் தயக்கமில்லை. ஆனால் உங்கள் ஓடையை நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதிய சில வரிகளை வைத்தே அதைப் பற்றிச் சொல்கிறேன், எனவே உங்கள் இடத்தைப் பற்றிச் சொல்பவற்றை ஊகமாகவே கொள்ளுங்கள்.

மரத்தைப் பற்றி ஐயமில்லை. அது கறுப்பு ஆல்டர். ஜேர்மானியர் எர்லெ என்பார்கள், தாவரவியலில் அல்னஸ் குளுட்டினோசா. இலை வட்டமாக இருக்கும், நுனி கூராக முடியாமல் உள்ளே சற்று வெட்டுண்டிருக்கும். இந்த ஓர் அடையாளமே போதும். இளந்தளிர் விரலில் பிசுபிசுக்கும், பெயரின் பின்பாதி அதைத்தான் குறிக்கிறது. வெட்டினால் வெள்ளையாயிருந்த மரம் சிறிது நேரத்தில் செம்மஞ்சளாக மாறும். இலையுதிர்காலத்தில் மற்ற மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாற, ஆல்டர் மட்டும் பச்சை இலையையே உதிர்த்துவிடும். மற்ற மரங்கள் இலையிலுள்ள நைதரசனை உதிர்க்கும் முன் பெருமளவு திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன; ஆல்டருக்கு அந்தச் சிக்கனம் தேவைப்படுவதில்லை.

தேவைப்படாமைக்குக் காரணம் வேரில் இருக்கிறது. பயறு, சணல் முதலியவற்றின் வேர்ச் சிறுகணுக்களை நாம் பாடசாலையில் பார்த்திருக்கிறோம். ஆல்டரின் வேரிலும் அப்படிச் சிறுகணுக்கள் உண்டு. ஆனால் அவை ஆண்டுக்கு ஆண்டு கிளைத்து, பவளப் பூச்சியின் கூட்டைப் போலக் கொத்தாகப் பெருகும், சிலவேளை கைப்பிடி அளவுக்கும் வரும். உள்ளிருக்கும் பற்றீரியாவும் வேறு. 1886 இல் புருன்கோர்ஸ்ட் என்பவர் ஜேர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்கின் பெயரால் அதற்கு ஃபிராங்கியா என்று பெயரிட்டார். அதைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்ட 1978 வரை செல்ல வேண்டியிருந்தது. இங்கேதான் உங்கள் சவுக்கு உவமை நீங்கள் நினைத்ததைவிடச் சரியாகப் பொருந்துகிறது. சவுக்கின் வேரிலும் இருப்பது ஃபிராங்கியாவே. மணற்காட்டுச் சவுக்கந்தோப்பில் வெறும் மணலில் அந்த மரங்கள் செழித்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆல்டர் பேர்ச் மரக் குடும்பம், சவுக்கு தனிக் குடும்பம். ஆனாலும் இரண்டும் ஃபாகேல்ஸ் என்ற ஒரே வருணத்தை, அதாவது குடும்பத்துக்கு மேலுள்ள படியைச், சேர்ந்தவை. கூம்புபோல் தெரியும் காயும் இரண்டிலும் பைன் மரத்தின் கூம்பைப் போன்றதல்ல, பூங்கொத்து மரத்தன்மை அடைந்து இறுகியது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும்: ஒரே பேரினப் பற்றீரியா என்பதால் சவுக்கின் ஃபிராங்கியா ஆல்டருக்கு உதவும் என்று எண்ணிவிடக் கூடாது, விருந்தோம்பும் மரத்துக்கேற்ப அதன் குலங்கள் பிரிந்திருக்கின்றன.

இனி முதற்கேள்வி. ஒரே மரம் நிற்பதால் ஒரே காடு என்று கொள்வது இயல்புதான்; ஆனால் தாவரச் சாகியங்களை, அதாவது ஒரே சூழலில் சேர்ந்து வளரும் செடிக்கூட்டங்களை, வகுப்பவர்கள் அப்படிக் கொள்வதில்லை. சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த யோசியாஸ் பிரௌன்-பிளாங்கே (1884–1980) தொடக்கிய முறைப்படி, எந்தச் செடி அதிகமாக இருக்கிறது என்பதைவிட, எந்தச் செடி அந்தச் சூழலுக்கே உரியதாக இருக்கிறது என்பதுதான் பெயரைத் தீர்மானிக்கும். தமிழருக்கு இது புதிதாகத் தோன்றத் தேவையில்லை. முல்லை நிலத்தில் முல்லைக்கொடியே மற்றெல்லாவற்றிலும் மிகுதி என்று யாரும் சொன்னதில்லை, ஆயினும் நிலத்துக்குப் பெயர் அதுதான். அந்த முறைப்படி நீங்கள் பார்த்த இரண்டு இடங்களும் ஒரே காட்டின் இரண்டு முகங்கள்கூட அல்ல. வகுப்பு என்ற மிக உயர்ந்த படியிலேயே பிரிந்துவிடும் இரண்டு சாகியங்கள் அவை. மேலே நிற்கும் மரம் ஒன்றாக இருக்க, கீழே நிற்கும் புல்லும் பூண்டும்தான் அவற்றைப் பிரிக்கின்றன. அந்தப் புல்லையும் பூண்டையும் பிரிப்பது நீரின் நடத்தை.

ஓடைக்கரையை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே வெள்ளம் வரும், சில நாட்களில் வடிந்துவிடும். வரும்போது வண்டலைக் கொண்டுவந்து விட்டுப் போகும். நிலத்தடி நீர் வேருக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தாலும் அது நகர்ந்துகொண்டிருப்பதால் ஒட்சிசன் முற்றாக அற்றுப்போவதில்லை. மண் பழுப்பு நிறமாக, இடையிடையே துருப்பிடித்த புள்ளிகளோடு இருக்கும். இத்தகைய மண்ணில் ஆல்டரோடு ஆஷ் மரமும் நிற்கும். அது மல்லிகையின் குடும்பத்தைச் சேர்ந்த பெருமரம் என்று சொன்னால் நம் ஊரில் நம்பமாட்டார்கள். ஆஷ் ஓடும் நீரைப் பொறுக்கும், தேங்கிய நீரைப் பொறுக்காது. ஆகையால் ஆல்டருக்கிடையில் ஆஷ் தென்பட்டால் அங்கே நீர் நகர்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். அவற்றின் கீழே பேர்ட் செரி, எல்டர், ஹேசல், காட்டு பிளாக்கரண்ட் போன்ற புதர்கள். பியருக்குக் கசப்பூட்டும் ஹொப்ஸ் கொடியின் இயற்கையான வீடும் இந்தக் காடுதான். மரத்தின் பாதி உயரம்வரை ஏறி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நிலத்தில் உங்கள் எரிக்கும் செடி, மெடோஸ்வீட் எனப்படும் வெண்ணுரை போன்ற பூக்கொத்துச் செடி, இனிய வாசம் இல்லாத பல களைகள். அந்த எரிக்கும் செடி நெட்டில். நம் காஞ்சொறி ஆமணக்கின் குடும்பம், அது வேறு குடும்பம், சுணையின் வேலை மட்டும் ஒன்று.

இந்த ஓடைக்கரைக் காடும் ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. நீரூற்றுக் கசிவிலும் மிகச் சிறிய ஓடைகளிலும் காரெக்ஸ் ரெமோட்டா என்ற கோரைக் குடும்பத்துச் செடி நிற்கும் ஆஷ் காடு ஒன்று உண்டு. கதிரிலுள்ள சிறு கொத்துகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருப்பதால் அந்தப் பெயர், அதைப் பார்த்தால் மறக்க முடியாது. அதனருகே இதழே இல்லாமல் மேலிலைகள் மட்டும் மஞ்சள் பூசிக்கொண்ட கிறைசோஸ்பிளேனியம் தரையோடு தரையாகப் பரவியிருக்கும். கல்லும் சரளையுமாக விரைந்தோடும் ஓடைகளின் கரையில், ஐந்து இதழும் பிளந்து பத்துப்போல் தோன்றும் ஸ்டெல்லாரியா நெமோரம் ஆல்டருக்குத் துணை. 1957 இல் லோமையர் அதைத் தனிச் சாகியமாக விவரித்தார். சமவெளியில் மெதுவாகப் போகும் ஓடைகளில் பேர்ட் செரியும் ஆஷும் ஆல்டரும் சேர்ந்த காடு. நீங்கள் இருப்பது சமவெளி என்பதால் உங்களுடையது இந்த மூன்றாவதாகவோ அதன் எஞ்சிய துண்டாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். இந்த மூன்றுக்குமிடையிலான எல்லை எங்கே என்பதில் வகுப்பாளர்களே ஒத்துப்போவதில்லை. அவற்றைச் சேர்த்த மேற்படியின் பெயர்கூட அல்னோ-பாடியோன் என்றும் அல்னியோன் இன்கானே என்றும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் அவை குறிக்கின்றன, பெயர் மாறிவிட்டதென்று குழம்ப வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1992 ஆம் ஆண்டு வாழிட நெறிமுறையில் இவையெல்லாம் 91E0 என்ற ஒரே எண்ணின் கீழ், முன்னுரிமையோடு காக்கப்பட வேண்டிய வாழிடமாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன.

கீழே நீங்கள் கண்ட கருநீர்க் காடு வேறு கதை. ஜேர்மானியர் அதை எர்லென்புரூக் என்பார்கள். அங்கே நீர் ஓடி வடிவதில்லை. ஆண்டின் பெரும்பகுதி நிலமட்டத்திலோ அதற்குச் சற்று மேலேயோ நின்றுவிடும். உதிர்ந்த இலையும் வேரும் முழுதாக உக்க ஒட்சிசன் போதாது, அவை கறுத்த பீற்றாகப் படிந்துகொண்டே வரும். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினால் கூழ்முட்டை நாற்றம் அடிக்கும். ஆஷ் அங்கே நிற்க மாட்டாது, ஆல்டர் நிற்கும். அதன் தண்டின் அடியில் பெரிய பட்டைவாய்கள் இருக்கின்றன, அவற்றின் வழியாகப் போகும் காற்று உள்ளேயுள்ள இடைவெளிகளினூடாக வேர்வரை இறங்குகிறது. நீருக்குள் நிற்கும் மரம் மேலிருந்து மூச்சு விடுகிறது என்று மாணவர்களுக்குச் சொல்வேன், கண்டல் மரங்களைக் கண்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கும். அந்தச் சதுப்பின் அழகு அதன் மேடுபள்ளத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஆல்டரின் அடியும் நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சிறு தீவு. அதில் பன்னங்களும், நம் வீட்டு முற்றத்துப் புளியாரையின் உறவான வெண்பூப் புளியாரையும் வளரும். ஒரு முழம் தள்ளிப் பள்ளத்தில் காரெக்ஸ் எலொங்காட்டா, மஞ்சள் ஐரிஸ், கத்தரியின் உறவான சோலானம் டுல்கமாரா என்ற கொடி, நீர்ப்பரப்பில் ஹொட்டோனியா. வறள் நிலத் தாவரமும் நீர்த் தாவரமும் ஒரே கட்டத்தின் பட்டியலில் அடுத்தடுத்த வரியில் வருவதைக் கண்டு, பட்டியலைப் பார்த்தவர்கள் இரண்டு இடங்களைக் கலந்துவிட்டேன் என்று என்னைச் சந்தேகித்ததுண்டு. கோரையின் குடும்பம் இரண்டு காடுகளிலும் இருக்கிறது; எந்தக் காரெக்ஸ் என்று பார்க்காமல் "கோரை" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் சொன்னதாகாது.

இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு உறுதியோடு விடை சொல்ல முடியாது. ஆல்டர் அந்த நிலத்துக்குச் சொந்தமான மரம், ஓடைக்கரை அதன் இயல்பான இடம், இவை நிச்சயம். அதன் வித்தில் காற்றடைந்த மிதவை உண்டு, ஓடையே அதை இறக்கிக் கொண்டுபோய் ஈரச் சேற்றில் விதைக்கிறது. ஆனால் அங்கே ஆல்டர் மட்டும் வரிசையாக நிற்பது இயற்கை என்று சொல்ல நான் தயங்குவேன். பள்ளத்தாக்கின் அகலம் முழுவதும் நின்ற காட்டை வைக்கோல் புல்வெளிக்காக வெட்டி, கரையரிப்பைத் தடுக்க ஓர் ஒற்றை வரிசையை மட்டும் விட்டுவைத்த இடங்கள் ஐரோப்பாவில் எங்கும் இருக்கின்றன. கரை காக்க நட்ட வரிசைகளும் உண்டு. மரங்களுக்கிடையிலான தூரத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். சீராக இருந்தால் நட்டவை. ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் எழுந்திருந்தால், முன்பு விறகுக்காகவோ கரிக்காகவோ அடியோடு வெட்டித் தழைக்க விட்டவை. ஆல்டர்க் கரி வெடிமருந்துக்கு விரும்பப்பட்டது, நீருக்குள் அதன் மரம் எளிதில் உக்காததால் வெனிஸ் நகரத்தின் அடித்தூண்களிலும் அது இருக்கிறது. இன்னொரு செய்தி: ஆல்டர் வெளிச்சம் வேண்டும் மரம், தன் நிழலில் தன் கன்றை வளர்க்காது. ஆகவே கன்றே இல்லாத கிழ ஆல்டர் வரிசையைக் கண்டால், ஓடை தன் கரையை உடைத்துப் புதிய சேற்றுத் திட்டுகளை உண்டாக்கும் உரிமையை யாரோ பறித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

எரிக்கும் செடியின் மிகுதியைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. நெட்டில் நைதரசனை நாடும் செடி, ஆல்டரோ நைதரசனை மண்ணில் சேர்க்கும் மரம். ஆகையால் அது அங்கே இருப்பது இயல்பே என்று சொல்லலாம். ஆனால் மேலேயுள்ள வயல்களின் உரம் வெள்ளத்தோடு வருவதும், சதுப்பை வடித்தபோது பீற் உக்கி நைதரசனை விடுவதும் அதே விளைவையே தரும். இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பதை ஒரு கரையில் நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. என் அனுபவத்தில், நெட்டிலோடு மற்றச் செடிகளும் கலந்து நின்றால் நான் கவலைப்படுவதில்லை. நெட்டில் மட்டுமே ஆள் மறைக்கும் உயரத்துக்கு நின்றால் வாய்க்கால் எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்று தேடத் தொடங்குவேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் அந்தக் கரையில் இன்று நடக்கும் இரண்டு மூன்று மாற்றங்களைச் சொல்லாமல் விட முடியாது. 1993 இல் தென் இங்கிலாந்தில் ஆல்டர்களின் அடித்தண்டில் தார் கசிந்ததுபோன்ற கறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. இலை சிறுத்து மஞ்சளாகி மரம் மெலிந்து செத்தது. காரணம் ஃபைற்றொப்தோரா வகையைச் சேர்ந்த ஒரு கலப்பினம் என்று பின்னர் தெரிந்தது. உருளைக்கிழங்கு வெளிறல் நோயின் உறவு அது. நீரோடு பரவுவதால் ஓடைக்கரை மரங்களுக்கே ஆபத்து அதிகம். ஆஷ் மரத்துக்கு வந்தது இதைவிடக் கொடியது. 1990களின் தொடக்கத்தில் போலந்தில் தெரியவந்த, கிழக்காசியாவிலிருந்து வந்த ஒரு பங்கசு ஐரோப்பா முழுவதும் ஆஷைக் கொன்றுவருகிறது. ஆஷின் பெயரைத் தாங்கிய சாகியங்களில் ஆஷ் பெயரில் மட்டும் எஞ்சினால் அவற்றை என்னவென்று அழைப்பது என்பது வகுப்பாளர்களுக்கு வந்த சங்கடம். மூன்றாவது நமக்கு நெருக்கமானது. கரையில் ஆள் உயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூவோடு நிற்கும் செடியைத் தொட்டுப் பாருங்கள். முற்றிய காய் காசித்தும்பைக் காயைப் போலவே வெடிக்கும். அது காசித்தும்பையின் இமயமலை உறவு, 1839 இல் பூந்தோட்டச் செடியாகப் பிரித்தானியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கிருந்து தப்பியது. கோடையில் எல்லாவற்றையும் மூடி, குளிர்காலத்தில் செத்துக் கரையை வெறுமையாக விட்டுவிடும். அதே பேரினத்தில் மஞ்சள் பூப்பூக்கும் ஒன்று அந்தக் காட்டுக்கே உரியது. பிடுங்கப் போகிறவர்கள் பலர் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறார்கள்.

இப்போது வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியில் கடனீரேரியைச் சேரும் அந்த வழி மாரியில் ஆறு, கோடையில் நிலம். குடாநாட்டின் சுண்ணக்கல் நீரை மேலே ஓடவிடாமல் உள்ளே வாங்கிக்கொள்கிறது. ஆல்டருக்குக் கோடையிலும் வேர் நனைந்திருக்க வேண்டும், குளிர்காலம் ஒன்று கழிய வேண்டும். இரண்டும் நம்மிடம் இல்லை. இலங்கையிலோ தென்னிந்தியாவிலோ இயற்கையாக வளரும் ஆல்டர் கிடையாது. நமக்கு அண்மையிலுள்ளது இமயமலையின் நேபாள ஆல்டர், நாகாலாந்தின் கொனோமா ஊரில் அதை மொட்டையாக வெட்டித் தழைக்கவிட்டு அதன் நடுவே பயிர் செய்கிறார்கள். உங்கள் வித்து முளைத்தாலும் வைகாசியைத் தாண்டாது என்று துணிந்து சொல்வேன். தாண்டிவிட்டால் அது இன்னும் மோசம்: நியூசிலாந்திலும் வட அமெரிக்காவிலும் இதே மரம் ஓடைக்கரைகளைப் பிடித்துக்கொண்ட களையாகக் கருதப்படுகிறது. இமயமலைத் தும்பையை மேலே சொன்னதும் இதற்காகத்தான். அதோடு, 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி வித்தைப் பயணப்பையில் கொண்டுவருவது குற்றம். ஃபைற்றொப்தோரா போன்றவை மண்துகளோடு பயணம் செய்வதைப் பார்த்தவர்கள் அந்தச் சட்டத்தைக் குறை சொல்லமாட்டார்கள்.

ஆல்டரின் இடத்தில் இங்கே யார் நிற்கிறார்கள் என்று கேட்டால் அதற்கு விடை குடாநாட்டைவிட வன்னியில் தெளிவாகத் தெரியும். இரணைமடுவுக்கு நீர் கொண்டுவரும் கனகராயன் ஆற்றங்கரையிலும் மன்னார்ப் பக்கத்து அருவியாற்றங்கரையிலும் பாலையும் வீரையும் நிற்கும் வறண்ட காட்டுக்கு நடுவே, ஆற்றோரமாக மட்டும் ஓர் உயர்ந்த பச்சைப் பட்டை போகும். அதில் மருது, இலுப்பை, நீர்க்கடம்பு, பனிச்சை, நாவல், புங்கு. மேலே மணல் காய்ந்து கிடக்க, மணலுக்கடியில் நகரும் நீரை மருதின் வேர் எட்டிப் பிடிக்கிறது. கரையைப் பிடித்து நிறுத்துவது, ஐந்து சிறகுள்ள காயை வெள்ளத்தோடு அனுப்புவது ஆகிய வேலைகளில் ஆல்டரின் ஆசனம் மருதுக்கே உரியது. நைதரசன் சேர்க்கும் வேலை மருதுக்குத் தெரியாது; அதைப் பக்கத்தில் நிற்கும் புங்கு பயற்றங்குடும்பத்துப் பற்றீரியாவைக் கொண்டு செய்கிறது. உறவுமுறையில் அண்மையிலிருக்கும் சவுக்கோ ஆற்றங்கரைக்கு வருவதேயில்லை, கடற்கரை மணலில் மனிதர் நட்ட இடத்தில் நிற்கிறது. அங்கே ஒரு மரம் தனியே செய்வதை இங்கே பலர் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் சொல்வது ஒரு ஒப்பீடு மட்டுமே. இரண்டு கரைகளையும் ஒரே வகுப்புக்குள் அடக்க எந்த வகுப்பாளரும் சம்மதிக்கமாட்டார், நானும் சம்மதியேன்.

எனவே வழுக்கையாற்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிடத் தேவையில்லை, மரத்தை மாற்றிக்கொண்டால் போதும். மானிப்பாயில் மருதடிப் பிள்ளையாரின் பெயரிலேயே அந்த மரம் இருக்கிறது. குடாநாட்டுக்கு மருது அந்நியமல்ல. மாரி தொடங்கியதும் மருதங்கன்றும் புங்கங்கன்றும் வைத்து, முதல் இரண்டு கோடைகளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினால் பிறகு அவை தம்மைப் பார்த்துக்கொள்ளும். ஆற்றின் வழியிலேயே வைக்காதீர்கள், கரையில் வையுங்கள். வெள்ளவழியை மறித்தால் பக்கத்து வயல்காரர் நியாயமாகவே சண்டைக்கு வருவார்.

உங்கள் ஓடைக்கரைக்கோ ஏப்ரல் தொடக்கத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மரங்கள் இலை விரிக்கும் முன், வெயில் தரைக்கு வரும் அந்த மூன்று நான்கு கிழமைகளில்தான் வெள்ளை அனிமோனும் மஞ்சள் ஃபிகாரியாவும் பூத்து முடிந்துவிடும்; காடு பழையதா, அண்மையில் வந்ததா என்பதற்கு அனிமோனின் பரப்பு நல்ல அடையாளம், ஏனெனில் அது ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் அளவிலேயே நகரும். ஒரு சிறு மண்வெட்டியும் கொண்டுபோய், மேலே ஓரிடத்திலும் கீழே கருநீரின் ஓரத்திலும் ஒவ்வொரு கொத்து எடுத்து நிறத்தையும் மணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காரெக்ஸ் கதிர்களைப் படம் எடுப்பதானால் மே மாத முடிவு வரை பொறுக்க வேண்டும், இலையை மட்டும் எடுத்து அனுப்பினால் என்னால் பெயர் சொல்ல முடியாது. ஜூலையில் போனால் எரிக்கும் செடியைத் தவிர வேறொன்றும் தெரியாது; நீண்ட காற்சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.